பின்னறைக்கு வராத வைஃபையும் மகளுக்கு ஒரு லேப்டாப்பும்

அக்கா, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள். தண்டையார்பேட்டையில் பழைய கட்டடம், முதல் மாடி, வாசலிலிருந்து பின்கட்டு வரை ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நான்கு அறை. நெட் கனெக்ஷன் வாசல் அறையில். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள், படிப்பது பின்னறையில், அங்கே வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது, வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. இப்போது இருக்கும் 40 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கலாமா, கம்பெனியையே மாற்றலாமா? அப்புறம் 50 ஆயிரத்துக்குள் ஒரு லேப்டாப். கடைக்காரர் “ஐ5 எடுத்துடுங்க, வேற எதுவும் பார்க்க வேணாம்” என்கிறார், எடுக்கலாமா? இவ்வளவுதானே.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று 14 வருஷமாக இந்தப் பக்கமே வீட்டுக்கு நெட்வொர்க் வயர் இழுப்பதும் லேப்டாப் சர்வீஸும்தான் என் வேலை. உங்கள் வீட்டைப் பார்க்காமலே பாதி கண்ணில் தெரிகிறது. அதனால் வைஃபையை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில்தான் நீங்கள் மாதாமாதம் காசை விடப் போகிறீர்கள்.

பிளானை ஏற்றினால் பின்னறை சரியாகாது. வாசலில் 40 வந்து நிற்கிறது, மூன்று சுவரைத் தாண்டிப் பின்னறைக்குப் போவது 2 தான். வாசலில் 200 வந்து நின்றாலும் பின்னறைக்கு அதே 2 தான் போகும். மெட்ரோ வாட்டர் லாரி எவ்வளவு பெரிதாக வந்து நின்றாலும் நீங்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது ஒரு குடம்தானே, அதே கதை. சந்தேகமாக இருந்தால் இன்றைக்கே பாருங்கள்: ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனில் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள், அப்புறம் பின்னறைக்குப் போய் போடுங்கள். பக்கத்தில் 38, 39 காட்டினால் கம்பெனிக்காரன் தரவேண்டியதைத் தருகிறான், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே 10 காட்டினால்தான் அவனுக்கு ஃபோன் போடவேண்டும். ஃபுல் ஹெச்டி வீடியோ ஒன்று ஓட 5 எம்பிபிஎஸ் போதும், வீடியோ கால் கிளாஸுக்கு 3, 4. மாமியார் ஹாலில் சீரியல், பையன் கேம், மகள் கிளாஸ், நீங்கள் ஃபோனில் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 40 தாங்கும். பெரிய ஃபைலை இறக்கும்போது மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் 40 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் நொடிக்கு 5 மெகாபைட்தான். அதற்காக ஏற்றுவதென்றால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை.

உங்கள் கட்டடம் மாதிரிப் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரைச் செங்கல் தடிமனில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள், மேலே மரச் சட்டத்தில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. கோடையில் வீடு குளிர்ச்சியாக இருக்கிறதே, அந்தத் தடிமன்தான் வைஃபையைத் தின்கிறது. சுவரைவிட மோசம் இரண்டு பொருள் உண்டு. ஒன்று இரும்பு பீரோ. ரேடியோ அலை இரும்புத் தகட்டைத் தாண்டாது, திருப்பி அடித்துவிடும். இன்னொன்று தண்ணீர். நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறையில் இரண்டு நீல டிரம் நிற்கும், நாலு குடம் நிற்கும், அவ்வளவு தண்ணீரும் அலையை உறிஞ்சிக்கொள்ளும். புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் ரவுட்டரை அழகாக பீரோ தலைமேல் பின்பக்கமாகத் தள்ளி, மேலே ஒரு துணியும் போட்டு வைத்திருந்தார்கள். சிக்னல் அளக்கும் இலவச ஆப் ஒன்றை ஃபோனில் போட்டு உள்ளறையில் பார்த்தேன், மைனஸ் 78 காட்டியது. ரவுட்டரைப் பீரோவிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில், கதவு நிலைக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். அதே இடத்தில் மைனஸ் 66. வேறு ஒரு பைசா செலவில்லை. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது: மைனஸ் 50 என்றால் பிரமாதம், 67 வரைக்கும் வீடியோ தடங்கலில்லாமல் ஓடும், 80 என்றால் பேருக்குத்தான் கனெக்ஷன். நீங்களும் அந்த ஆப்பைப் போட்டு, கையில் ஃபோனோடு வாசலிலிருந்து பின்னறைவரை மெதுவாக நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எண் சடாரென்று இறங்குகிறதோ அங்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள். நாலு அறையின் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் அந்தக் கோட்டில் ரவுட்டரை மாட்டுவதுதான் முதல் வைத்தியம்.

இரண்டாவது, உங்கள் ரவுட்டர் ஃபோனில் இரண்டு வைஃபை பெயர் காட்டுகிறதா என்று பாருங்கள், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும். அது சிம் கார்டு 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் என்று அர்த்தம். “எங்க ஃபோன் 4ஜி, அதுல சேராது” என்று பலபேர் அதைத் தொடுவதே இல்லை, தாராளமாகச் சேரும், ஃபோனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் போதும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் தெம்பில்லாதது. 2.4 மெதுவானது, கொஞ்சம் தூரம் போகும். வாசல் அறையிலும் ஹாலிலும் 5ஐப் பிடியுங்கள், அதற்குப் பின்னால் 2.4. ஆனால் நம் தெருக்களில் 2.4க்கு ஒரு பெரிய தொல்லை, நெரிசல். மாடிப் படியில் நின்று ஃபோனைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை பேர் வரிசையாகத் தெரியும், எல்லாம் ஒரே சாலையில் முண்டுகின்றன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், 1, 6, 11. அந்த ஆப்பிலேயே எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று தெரியும், ரவுட்டர் செட்டிங்கில் போய் ‘ஆட்டோ’வை எடுத்துவிட்டு அந்த எண்ணைப் போட்டு, சேனல் அகலத்தை 20 என்று வையுங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும்.

இதெல்லாம் செய்தும் மூன்று சுவர் மூன்று சுவர்தான். அப்போது கடையில் “ரிப்பீட்டர் ஒண்ணு போடுங்க” என்பார்கள். விலை குறைந்த ரிப்பீட்டர் வேண்டாம் அக்கா. அது ஒரே ரேடியோவில் ஒரு காதால் கேட்டு, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், கேட்கும் நேரத்தில் பேச முடியாது, பேசும் நேரத்தில் கேட்க முடியாது, அங்கேயே வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு, சிக்னல் செத்துப்போன பின்னறையில்தான் எல்லோரும் அதை மாட்டுகிறார்கள். செத்த சிக்னலைக் கேட்டு செத்த சிக்னலைத்தான் அது திருப்பிச் சொல்லும்.

வாசல் ரவுட்டரிலிருந்து பின்னறைக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டு நீளத்துக்கு 20 மீட்டர் போதும், லேன் வயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். கேட் 6 என்று கேளுங்கள், சுத்தச் செம்பு என்று கேளுங்கள். கடையில் அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய வயரும் அதே நிறத்தில், அதே பெட்டியில் இருக்கும், விலை குறைவு. பிளேடால் உள்கம்பியை லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம், வைத்துவிட்டு வாருங்கள். வேறு ஊரில் அது நாலு வருஷம் ஓடலாம், கடற்காற்று படும் இடத்தில் அதன் முனை சீக்கிரமே பூத்துப்போவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். வயருக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. வேகம் 100ஐத் தாண்ட வேண்டுமானால் எட்டும் பேச வேண்டும், 100க்கு நாலே கம்பி போதும். அதனால் முனை அடிக்கும்போது மீதி நாலில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால்கூட நெட் வரும், ஆனால் 100இல் நின்றுவிடும். ‘200 பிளான் போட்டேன், 94க்கு மேல ஏறல’ என்று என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கோளாறு, இல்லையென்றால் ரவுட்டரின் லேன் போர்ட்டே 100க்குத்தான் செய்யப்பட்டிருக்கும்.

வயரைச் சுவருக்குள்ளே கொண்டுபோக முடியாவிட்டால் வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோகலாம், அதற்கென்று வெயில் தாங்கும் கறுப்பு உறை வயர் இருக்கிறது. ஜன்னல் ஓட்டைக்குள் நுழையும் முன்னால் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, அப்புறம் மேலே ஏற்றி உள்ளே விடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் வயர் மேலேயே வழிந்து வரும், தொங்கும் இடத்தில் சொட்டிவிடும். நேராக விட்டால் தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே வந்து நேரே ரவுட்டருக்குள் இறங்கும். ஐப்பசி மழையில் இப்படிச் செத்த ரவுட்டர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பின்னறையில் அந்த வயர் முனையில் இரண்டாவது ரவுட்டர் ஒன்று. புதிதாக வாங்கினால் டூயல் பேண்ட் (2.4, 5 இரண்டும்), வைஃபை 6, கிகாபிட் போர்ட் (100ஐத் தாண்டும் லேன் போர்ட்), இந்த மூன்றும் பெட்டியில் இருக்கட்டும். பழைய ரவுட்டர் பரணில் கிடந்தால் அதுவே போதும். செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ இருந்தால் அதைப் போட்டால் முடிந்தது. பழையதில் அது இருக்காது, அப்போது அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாமல் வேறு எண்ணுக்கு மாற்றி, வயரை WAN என்று எழுதிய போர்ட்டில் குத்தாமல் லேன் போர்ட்டில் குத்துங்கள். டிஹெச்சிபி என்பது வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கும் வேலை, அதை வீட்டில் ஒருவர்தான் செய்ய வேண்டும், இரண்டு பேர் செய்தால் சண்டை. வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் வாசல் ரவுட்டரில் இருப்பதையே அப்படியே வைத்துவிட்டால் ஃபோன் தானாக எது பலமோ அதற்குத் தாவும். சேனல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும், அங்கே 1 என்றால் இங்கே 11. மகள் லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால் வைஃபையே வேண்டாம், வயரை நேராகக் குத்திக்கொள்ளட்டும். பரீட்சை, ஆன்லைன் இன்டர்வியூ நாட்களில் அதற்கு ஈடு இல்லை.

கம்பெனி மாற்றுவதைப் பற்றி. எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று நான் சொல்வதைவிட, உங்கள் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் நாலு வீட்டில் “ரிப்பேர்னா ஆள் எத்தனை நாள்ல வர்றாங்க” என்று கேளுங்கள். ஒரே கம்பெனிக்கு ஒரு தெருவில் நல்ல ஆள் இருப்பார், அடுத்த தெருவில் ஃபோனையே எடுக்க மாட்டார். அப்புறம் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ஃபைபர், அதாவது வெளிச்சம் போகும் கண்ணாடி இழை வயர், வீட்டுக்குள்ளே வரைக்கும் வருமா, இல்லை மொட்டை மாடியில் ஸ்விட்ச் பாக்ஸ் வைத்து அங்கிருந்து லேன் வயரா? மொட்டை மாடி ஸ்விட்ச் என்றால் அந்த மாடியில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போகும், உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தாலும் போகும். ஃபைபர் அப்படியில்லை, நடுவில் தெருவில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், வெறும் வெளிச்சம் பிரிந்து போகிறது, அவ்வளவுதான். அவர்கள் ஆபீஸிலும் உங்கள் வீட்டிலும் கரண்ட் இருந்தால் நெட் இருக்கும். அதனால்தான் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி ஃபைபர் பாக்ஸுக்கும் ரவுட்டருக்கும் மாட்டச் சொல்கிறேன். பெரிய இன்வெர்ட்டர் தேவையில்லை, சின்ன டிபன் டப்பா அளவுதான், சராசரியாக இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யூபிஎஸ் தருவதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபைபர் போட வரும் பையனிடம் பவர் மீட்டரில் எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இது வைஃபை எண் இல்லை, ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவு. மைனஸ் 15லிருந்து 24, 25 வரைக்கும் நல்லது, 27ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடும், முதல் மழைக்குச் சிவப்பு லைட் எரியும். முனையில் பச்சைத் தலை, நீலத் தலை என்று இரண்டு உண்டு, பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம், மாற்றிக் குத்தினால் வெளிச்சம் பாதியில் சிதறும். ஃபைபர் வயரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி.

பாக்ஸைத் தரையிலோ கட்டிலுக்கடியிலோ வைக்க விடவே விடாதீர்கள், முதல் மாடியாக இருந்தாலும் சரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது என் அக்கா வீட்டில், தரைத்தளம், நெட் போட வந்த ஆள் பிளக் பாயிண்டுக்குப் பக்கம் என்று தரையிலேயே பாக்ஸை வைத்துவிட்டுப் போயிருந்தார். முழங்கால் தண்ணீரில் பாக்ஸ், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாம் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு “பாக்ஸ் எங்க சொத்து, காசு கட்டுங்க” என்று கம்பெனி பில் அனுப்பியது, இரண்டு மாதம் அலைந்தோம். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் பில்லில் இல்லை, தண்ணீருக்குள் கரண்ட் போர்டு கிடந்த வீட்டில் பிள்ளைகள் நடந்தார்களே, அதில்தான்.

பணம் கட்டும்போது மாத பிளான் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் பெரும்பாலும் சேர்த்திருக்காது. புதுக் கம்பெனிக்கு முதல் தடவையே ஒரு வருஷம் முன்பணம் வேண்டாம், ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும். பாஸ்வேர்ட் விஷயம் சுருக்கமாக: வைஃபை செட்டிங்கில் பூட்டு வகை டபிள்யூபிஏ2 அல்லது 3, பாஸ்வேர்ட் இல்லாமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பட்டன் ஆஃப், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கெஸ்ட் நெட்வொர்க் திறந்து அதைக் கொடுங்கள். யார் என்ன செய்தாலும் கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் கேள்வி வரும்.

சரி, லேப்டாப். காசை எடுப்பதற்கு முன்னால் கல்லூரி ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது, மகளுக்கு அது வருமா, எந்த வருஷம் வரும் என்று அங்கேதான் தெரியும். வருவதாக இருந்தால் 50 ஆயிரத்தை முழுசாக இறக்க வேண்டாம், பழைய லேப்டாப் ஒன்றில் ஓட்டிவிடலாம்.

கடைக்காரர் சொன்ன ‘ஐ5’ பற்றி. அது லேப்டாப்புக்கு மூளையான இன்டெல் கம்பெனி ப்ராசஸர் சிப்பின் பேர். வெறும் ஐ5 என்பதற்கு அர்த்தமே இல்லை அக்கா, அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ5 1135 என்றால் 11ஆம் தலைமுறை, நாலு கோர், அதாவது சிப்புக்குள் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் நாலு ஆள். ஐ3 1215 என்றால் 12ஆம் தலைமுறை, இரண்டு பெரிய கோர், நாலு சின்னது, மொத்தம் ஆறு. இந்த ‘சின்ன’ ஐ3 அந்த ‘பெரிய’ ஐ5க்குச் சளைக்காமல் ஓடும். பழைய ஸ்டாக் ஐ5ஐத் தள்ளுபடி போட்டுத் தலையில் கட்டுவது எப்போதும் நடக்கிறது. 2024லிருந்து ‘ஐ’ எழுத்தை எடுத்துவிட்டு கோர் 3, கோர் 5 என்றும் வருகிறது, குழம்ப வேண்டாம். செலரான், என்100 சிப் போட்டது இவள் படிப்புக்கு வேண்டாம், ப்ரவுசிங்கோடு சரி.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் சிப்பில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, இரண்டும் ஷோரூமில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஸ்டிக்கர் ஒரே நிறம், இரண்டிலும் ‘ரைசன் 5’ என்றுதான் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு, நாலு கோர். 3 என்றால் ஜென் 3, ஆறு கோர். அதைவிட முக்கியம், 7520இல் ரேம் போர்டிலேயே ஒட்டித்தான் வரும், 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சிலசமயம் நாலைந்தாயிரம்தான் இருக்கும். அந்தக் காசைக் கொடுத்து 7530ஐ எடுங்கள்.

ரேம்தான் இவளுக்கு மூன்று வருஷமும் கழுத்தைப் பிடிக்கப் போகிறது. முதல் வருஷம் சி, பைத்தான், ஜாவா எல்லாம் 8 ஜிபியில் ஓடிவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்து, பின்னால் ப்ரவுசரில் பத்து டேப் வைத்தால் 8 திணறும், 16 வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை நன்றாக ஏறியிருக்கிறது, ஏஐ சர்வர்களுக்கு மெமரி எல்லாம் போவதால் வந்த ஏற்றம், 16 ஜிபி மாடல் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் 8 ஜிபி எடுங்கள், ஆனால் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கும் மாடலாக எடுங்கள், விலை இறங்கியதும் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். ஷோரூமிலேயே பார்த்துவிடலாம்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டால் கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ என்று காட்டும். அது என்ன காட்டுகிறது என்று விற்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஹார்டு டிஸ்க் இடத்தில் எஸ்எஸ்டி, 512 ஜிபி. இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்பு) என்று எழுதியிருந்தால் அடுத்த டேபிளுக்குப் போய்விடுங்கள்.

கையால் பார்க்கவேண்டியதும் உண்டு. கீபோர்டு நடுவில், ஜி, ஹெச் பக்கம் விரலால் அழுத்துங்கள், தகடு குழிந்து உள்ளே போனால் ஒரு வருஷத்தில் கீழ்ப்பாகம் ஆடத் தொடங்கும். திரையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், நிறம் வெளுத்து எதிர்நிறம் மாதிரித் தெரிந்தால் டிஎன் பேனல், தினம் நாலு மணி நேரம் பார்க்கும் கண்ணுக்கு ஆகாது, ஐபிஎஸ் கேளுங்கள். எடை 1.6, 1.7 கிலோவுக்குள் இருக்கட்டும். கேமிங் லேப்டாப் சார்ஜரோடு மூன்று கிலோ வரும், அதை முதுகில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போவது அவள்.

நம் பக்கத்துக்கென்று இரண்டு விஷயம். பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். அங்கே லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தகட்டு உடம்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். அது லேப்டாப்பின் கோளாறு இல்லை, அடாப்டர் வழியாக வரும் சின்னக் கசிவு பூமிக்குப் போக வழியில்லாமல் உங்கள் விரல் வழியாகப் போகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பின்னறைப் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ரவுட்டர் மாட்டும் வேலையோடு சேர்த்து முடித்துவிடலாம். இன்னொன்று கடற்காற்று. என்னிடம் வரும் லேப்டாப்பைத் திறந்தால் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கத்து வீடுகளுடையது எது என்று பார்த்ததும் தெரியும், ஃபேனில் லாரிப் புழுதி பஞ்சாக அடைத்திருக்கும், யுஎஸ்பி துளைகளில் பச்சை பூத்திருக்கும். ராத்திரியில் திறந்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம், பையில் போட்டு உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்கட்டும், வருஷத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் மவுண்ட் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருதான். ஆபீஸ்களில் ஓடிய திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரியானவை, புது மலிவு லேப்டாப்பைவிடக் கட்டுமானம் உறுதி. ஆனால் விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெல் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், 6, 7 என்று சொன்னால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 10, 11ஆம் தலைமுறை, 16 ஜிபி கிடைத்தால் நல்ல பேரம். கமாண்ட் விண்டோவில் powercfg /batteryreport என்று அடித்தால் பேட்டரி அறிக்கை வரும். புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், வாரநாள் காலையில் போங்கள். புதிதோ பழையதோ, மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் உட்கார்ந்து ஒரு பக்கம் டைப் அடிக்கட்டும், தமிழ் 99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர், லேப்டாப் அடியில் இருப்பது, பில்லில் எழுதியது, மூன்றும் ஒன்றுதானா என்று அவளையே வாசிக்கச் சொல்லிவிட்டு, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கம்பெனி வெப்சைட்டில் அங்கேயே பார்த்துவிட்டு, அப்புறம் காசைக் கொடுங்கள். பின்னறை வயர் இழுக்கும்போது எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வீட்டு அறைகளை ஒரு தாளில் வரைந்து, பீரோவும் தண்ணீர் டிரம்மும் நிற்கும் இடத்தையும் குறித்து அனுப்புங்கள், எங்கே ஓட்டை போடலாம் என்று சொல்கிறேன்.